கணவன் வாழும் கரைக்கு



யூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் நம்மிடம் கேட்டபோது, கோவில் கட்டிய கதையையும் மணி வந்து சேர்ந்த கதையையுமே அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றை நம்மைவிட நன்கறிந்த பெரியவர்கள் வேறு பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். நாம் எழுத எடுத்துக்கொண்டது கோவில் அலுவலகத்து இரும்பு அலமாரியில் இருக்கும் திருமணப் பதிவேட்டைப் பற்றி. அதன் ஒரு பக்கத்து நகலைக் கையில் பிடித்துக்கொண்டு கடல் கடந்து கணவனிடம் போய்ச் சேர்ந்த பெண்களையும், சேர முடியாமல் கரையிலேயே நின்றுவிட்ட பெண்களையும் பற்றி என்றும் சொல்லலாம்.

குப்பனூருக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். சேலத்துச் சமவெளி முடிந்து சேர்வராயன் மலை எழும்பும் இடம் நம் ஊர். கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டிற்கு ஏறும் பாதை நம் வாசலிலிருந்துதான் தொடங்குகிறது. காப்பித் தோட்டங்களுக்கு ஏறிய கால்களை நாம் அறிவோம். அவ்வளவாக அறியாதது, அதே காலத்தில் எதிர்த்திசையில் நடந்த கால்கள். 1860-க்குப் பின் ஐம்பது ஆண்டுக்காலம் ஒப்பந்தக் கூலிகளைத் திரட்டிச் சென்னைத் துறைமுகத்திற்கு அனுப்பிய மாவட்டங்களுள் நம் சேலம் மாவட்டமும் ஒன்று. நாட்டால், இலங்கை, மலாயா என்று போனார்கள். இன்று நம் பிள்ளைகள் விமானத்தில் போகிறார்கள். போகிறவன் முதலில் தனியாகப் போகிறான், மனைவி பின்னால் போகவேண்டும் என்பது மட்டும் அன்றுபோலவே இன்றும் இருக்கிறது.

கணவனைத் தேடி நாடு கடந்து சென்ற பெண் விவிலியத்திலேயே இருக்கிறாள். ரெபேக்கா தன் பிறந்த ஊரைவிட்டு, முகம் பாராத ஈசாக்கிடம் ஒட்டகமேறிப் போனாள். அவளிடம் எவரும் பத்திரம் கேட்கவில்லை. ஆனால் அவளுடைய மாமனார் ஆபிரகாம் முன்னொரு நாள் எகிப்துக்குள் நுழைந்தபோது, உடன் வந்த மனைவியைத் தங்கை என்று சொல்லவேண்டியதாயிற்று. எல்லையில் மனைவியை மனைவி என்று சொல்வதில் உள்ள இடர் அவ்வளவு பழையது.

நாட்டாலுக்கு வருவோம். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் வந்தோருள் கிறிஸ்தவர்களும் இருந்தனர். அன்று தொடங்கி 1911-இல் ஒப்பந்த முறை நிறுத்தப்படும் வரை ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். கரும்புத் தோட்ட முதலாளிக்கு வேண்டியது ஆண் கூலி. பெண் கூலியை அவர் விரும்பிக் கேட்கவில்லை. ஆகவே நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது கப்பலில் இருக்கவேண்டும் என்று அரசாங்கமே விதி செய்யவேண்டியதாயிற்று. கணக்கு எவ்வாறு நிரப்பப்பட்டது என்பது வேறு கதை. அங்கே குடியேறிய கத்தோலிக்கத் தமிழருக்கு ஊழியம் செய்ய, டர்பனிலிருந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருவானவர் சபோன் என்னும் பிரெஞ்சுக்காரர் முன்வந்து, நம் மொழியையும் கற்றார். மொழி தெரியாத குரு திருமணத்தை ஆசீர்வதிக்கலாம். ஆனால் மணமக்களின் பெயரையும் பெற்றோர் பெயரையும் பதிவேட்டில் பிழையின்றி எழுதுவது கடினம். இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊருக்குத் திரும்பவேண்டும், இல்லையேல் மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்திடவேண்டும் என்பது நாட்டால் வெள்ளையரின் விருப்பம். அதற்காக 1895-இல் தலைக்கு ஆண்டொன்றுக்கு 3 பவுன் வரி விதித்தார்கள். குடும்பத் தலைவனுக்கு மட்டுமன்று, மனைவிக்கும், 16 வயதான மகனுக்கும், 13 வயதான மகளுக்கும் தனித்தனியே 3 பவுன். மனைவியை வைத்துக் குடும்பம் நடத்துவதற்கே வரி என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

பிறகு 1913 வந்தது. ஹசன் எஸோப் என்னும் முகமதியர் கேப் மாகாணத்தில் நிலையான குடியுரிமை உள்ளவர். இந்தியாவிற்கு வந்து பாய் மரியம் என்னும் பெண்ணைத் தம் மார்க்க முறைப்படி மணந்தார். அவளைத் தம்மிடம் அழைத்துக்கொள்ள முற்பட்டபோது அதிகாரிகள் மறுத்தனர். வழக்கு கேப் உச்ச நீதிமன்றத்திற்குப் போயிற்று. 1913 மார்ச் 14 அன்று நீதிபதி சர்ல் தீர்ப்பளித்தார். பலதார மணத்திற்கு இடமளிக்கும் மதத்தின் சடங்குப்படி நடந்த திருமணம் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் திருமணமாகாது. ஆகவே ‘மனைவி’ என்ற சொல்லுக்குள் அப்பெண் வரமாட்டாள் என்றார். அவருக்கு ஒரே மனைவிதான் என்பது எடுபடவில்லை. சடங்கு எந்தச் சடங்கு என்பதே கேள்வி.

இந்துக்களும் முகமதியரும் பார்சிகளும் ஒரே நாளில் திருமணமாகாதவர்கள் ஆனார்கள். காந்தியடிகள் அதுவரை பெண்களைச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபடுத்தவில்லை. இத்தீர்ப்புக்குப் பின் அவர்கள் தாமாகவே முன்வந்தனர். கஸ்தூரிபா அம்மையார் செப்டம்பரில் சிறை சென்றார். திரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பெண்கள் பெரும்பாலோர் தமிழ்ப்பெண்கள். தம்பி நாயுடுவின் மனைவியும் அவர்களுள் ஒருவர். சிலர் கைக்குழந்தையுடன் போனார்கள். நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களில் இவர்கள் பேசிய பேச்சைக் கேட்டு, அக்டோபரில் தொழிலாளர் வேலையை நிறுத்தி வெளியேறினர். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை என்னும் 16 வயதுப் பெண் சிறையில் காய்ச்சல் கண்டு, விடுதலையான சில நாட்களில், 1914 பெப்ரவரி 22 அன்று உயிர் நீத்தாள். பாடப் புத்தகத்தில் நம் பிள்ளைகள் அவள் பெயரைப் படிக்கிறார்கள். மூன்று பவுன் வரியோடு, மனைவி மனைவிதான் என்று ஒரு சட்டம் ஒப்புக்கொள்ளவேண்டும் என்பதற்கும் சேர்த்தே அவள் சிறை சென்றாள் என்பதைச் சொல்லிக்கொடுப்பவர் குறைவு.

இவ்விடத்தில் கிறிஸ்தவர்களாகிய நாம் சற்று நின்று யோசிக்கவேண்டும். அத்தீர்ப்பு நம்மவரைத் தொடவில்லை. கோவிலில் குருவானவர் முன் மணமுடித்த கத்தோலிக்கத் தமிழன் தன் மனைவியை அழைத்துக்கொள்ளத் தடையில்லை. பதிவேட்டின் ஒரு பக்க நகல் போதும். அடுத்த வரிசை வீட்டுக்காரன், அதே கப்பலில் வந்தவன், அதே கரும்பை வெட்டியவன், முனியப்பன் சந்நிதியில் தாலி கட்டியதால் மனைவியற்றவன் ஆனான். நம் திருமணத்திற்குக் கிடைத்த மதிப்பு அருட்சாதனத்திற்குக் கிடைத்த மதிப்பன்று. வெள்ளையரின் வழக்கத்திற்குக் கிடைத்த மதிப்பு. நம்மவர் எல்லாரும் வாளாவிருந்தனர் என்றும் சொல்வதற்கில்லை. நாட்டாலில் ஒப்பந்தக் கூலிகளின் மகனாகப் பிறந்த கிறிஸ்தவரான பாரிஸ்டர் ஜோசப் ராயப்பன், தமக்கு எக்குறையும் இல்லாத நிலையில் 1910-லேயே போராட்டத்தில் சிறை புகுந்தவர். 1914 ஜனவரியில் அங்குச் சென்று பேச்சுவார்த்தைக்குத் துணைநின்ற சி.எப். ஆண்ட்ரூஸ் ஓர் ஆங்கிலிக்கன் குரு.

1914-ஆம் ஆண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுன் வரியை நீக்கியது. நடைமுறையில் ஒரே மனைவியோடு வாழ்பவரின் திருமணத்தைப் பதிவு செய்து செல்லுபடியாக்க வழிசெய்தது. பிற மதங்களின் குருக்களும் திருமண அதிகாரிகளாக நியமிக்கப்படலாம் என்றது. அடுத்து 1918-இல் இலண்டனில் கூடிய சாம்ராஜ்ய மாநாடு, பிரிட்டிஷ் நாடுகளில் நிலையாகக் குடியிருக்கும் இந்தியர் ஒவ்வொருவரும் ஒரு மனைவியையும் அவளுடைய சிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தது. ஒரு நிபந்தனையும் வைத்தது: இவள் இன்னாருடைய சட்டப்படியான மனைவி என்று இந்திய அரசாங்கம் சான்றளிக்கவேண்டும். சான்றிதழ் யுகம் அப்போது பிறந்தது என்று கொள்ளலாம். 1927-ஆம் ஆண்டுக் கேப் டவுன் உடன்படிக்கையும் அவ்வுரிமையைக் காத்தது. அதன்பின் இந்தியாவின் முதல் ஏஜெண்டாக அங்குச் சென்றவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். ஆயினும் 1953-இல் தென்னாப்பிரிக்க அரசாங்கம் புதிய சட்டம் இயற்றி, இந்தியாவிலிருந்து மனைவியர் வரும் வழியை அடைத்துவிட்டது. சிறை சென்று பெற்றது நாற்பது ஆண்டுகளுக்குள் போயிற்று.

இலங்கை நமக்கு இன்னும் அருகே. பாக் நீரிணையைக் கடக்க ஓர் இரவு போதும். போக்குவரத்து எளிதாக இருந்ததே பின்னால் வினையாயிற்று. தோட்டத்துத் தமிழன் மனைவியைப் பிரசவத்திற்கு ஊருக்கு அனுப்புவான். அவள் ஆறுமாதம் தாய்வீட்டில் இருந்து, நாற்று நட்டு, குழந்தையோடு திரும்புவாள். இதை எவரும் குற்றமாக எண்ணவில்லை. 1948-இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் இந்திய, பாகிஸ்தானிய வாசிகளுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. மணமானவர் 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடைவிடாது வசித்திருக்கவேண்டும் என்றது. மணமானவனின் மனைவியும் சிறு பிள்ளைகளும்கூட இடைவிடாது அங்கே வசித்ததைக் காட்டவேண்டும் என்றது. பிரசவத்திற்கு ஊர் வந்த மாதங்கள் ‘இடைவெளி’ ஆயின. 1951 ஆகஸ்டுக்குள் 8 லட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஏற்கப்பட்டவர்கள் ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்களே.

1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரைத் தலைவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றார்கள். பார்த்தது 1974-இல், ஆளுக்குப் பாதி. கூட்டிக் கழிப்பது தலைவர்களுக்கு எளிது. ஒரே லயத்து அறையில் கணவனுக்கு ஒரு நாட்டுப் பிரஜாவுரிமையும் மனைவிக்கு வேறொரு நாட்டுப் பிரஜாவுரிமையும் வந்தபோதுதான் கணக்கின் கனம் தெரிந்தது. தாயகம் திரும்பியோர் என்று அந்நாளில் அழைக்கப்பட்டவர்களுக்கு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் அமைந்தன. அண்ணன் கண்டியிலும் தங்கை கோத்தகிரியிலுமாகப் பிரிந்த குடும்பங்களைக் குருத்துவப் பணியின் தொடக்கத்தில் நாமே சந்தித்திருக்கிறோம். கணவன் மனைவியாகப் பிரிந்தவர்கள் அதைப்பற்றிப் பேசமாட்டார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியேயும் அவர்களிடம் நாம் கேட்கவில்லை.

மலாயாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1938-இல் கூலிகளை உதவிப்பணத்தோடு அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்தியது. யுத்தம் வந்து பல குடும்பங்களை இரு கரையிலுமாக நிறுத்தியது. பின் 1953 ஆகஸ்டு முதல் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின்னும் அங்குக் குடியிருப்போரின் மனைவியர் ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போய்க்கொண்டிருந்தனர். 1959-இல் அதையும் இறுக்கினார்கள். 1954 டிசம்பருக்குப் பின் தொடர்ந்து 5 ஆண்டுகள் கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவிக்கு நுழைவு இல்லை என்றார்கள். பிரிந்திருந்தது பணமில்லாததால். மாமியாருக்கு உடம்பு முடியாததால். கணவன் அனுப்பிய பணத்தில் தம்பியைப் படிக்க வைத்ததால். சட்டமோ, இத்தனை நாள் பிரிந்திருக்க முடிந்தவள் இனியும் இருக்கலாமே என்றது. இந்தப் பக்கங்களில் சொன்ன சட்டங்களுள் நம் மனத்தை மிகவும் உறுத்துவது இதுவே.

திருச்சபை இதைப்பற்றிப் பேசாமல் இல்லை. 12-ஆம் பத்திநாதர் 1952 ஆகஸ்டு 1 அன்று, நாடுபெயர்ந்த குடும்பத்தைப் பற்றித் தனி அப்போஸ்தலிக்க ஆவணமே வெளியிட்டார். நாசரேத்தூர்த் திருக்குடும்பம் எகிப்துக்கு ஓடியதை அதற்கு முகப்பாக வைத்தார். 1983-இல் உரோமை வெளியிட்ட குடும்ப உரிமைப் பட்டயம், பிழைப்புக்காக வெளிநாடு சென்றவர் தம் குடும்பத்தோடு கூடிய விரைவில் சேர்ந்து வாழ உரிமையுண்டு என்கிறது. தம்பதியர் இணைந்து வாழ்வது கடமையும் உரிமையும் என்பது திருச்சபைச் சட்டம். ஆனால் குடிவரவு அதிகாரியின் மேசையில் திருச்சபைச் சட்டப் புத்தகம் இருப்பதில்லை. நம்மிடமிருந்து அவருக்கு வேண்டியது ஒரு தேதியும் ஒரு கையொப்பமும் ஒரு முத்திரையும்தான்.

இனி நம் கதைக்கு வருகிறோம். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். யூபிலி ஆண்டில் பாவம் மறைப்பது அழகன்று என்பதால் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இக்கோவிலில் நாம் ஒரு திருமணத்தை ஆசீர்வதித்தோம். மணமகனின் தாயார் அமெரிக்காவில் செவிலியர். அந்நாட்டில் நிலையாகத் தங்கும் உரிமை பெற்ற அவர், வயதுவந்த, மணமாகாத மகனுக்காக மனுச்செய்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அவனை அழைத்துக்கொண்டார். அந்தப் பிரிவில் மனுச்செய்யப்பட்ட மகன், தான் போய்ச் சேருமுன் மணமுடித்துவிட்டால் மனுவே செத்துப்போகும். ஆகவே பையன் பொறுமையாக இருந்து, அங்கே போய், நிரந்தரவாசி அட்டை வாங்கி, அடுத்த ஜனவரியில் மூன்று வார விடுப்பில் வந்து தாலி கட்டினான். கட்டிவிட்டுப் போய் மனைவிக்காக மனுப் போட்டான்.

அமெரிக்கச் சட்டத்தில் குடிமகனின் மனைவிக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. நிரந்தரவாசியின் மனைவிக்கு வரம்பு உண்டு. 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிரந்தரவாசிகளின் மனைவி, கணவன், மணமாகாத பிள்ளைகள் எல்லாருக்குமாக உலகம் முழுமைக்கும் ஆண்டுக்கு 1,14,200 இடங்கள் அடிப்படையாக ஒதுக்கப்பட்டன. அதில் 77 விழுக்காடு மனைவிக்கும் கணவனுக்கும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும். வரிசை நீண்டு நீண்டு, 2000-ஆம் ஆண்டில், அதுவரை மனுப் போட்டு மூன்றாண்டு காத்திருந்தோர் அங்கே போய்க் காத்திருக்கட்டும் என்று தனி விசா ஒன்றே உண்டாக்கினார்கள். நம் பெண்ணின் காலத்தில் அது இல்லை. அவள் இங்கே காத்திருந்தாள். குழந்தை பிறந்தது. நாமே திருமுழுக்குக் கொடுத்தோம்.

வரிசையில் அவள் முறை வந்து, தூதரகத்தில் நேர்காணலுக்குப் போனாள். சான்றிதழைப் பார்த்த அதிகாரி அவளைத் திரும்ப அனுப்பிவிட்டார். காரணம் கேட்டு அவள் தந்தை நம்மிடம் வந்தார். பதிவேட்டைத் திறந்தோம். ஜனவரி மாதத்தில் எல்லாருக்கும் நேர்வது நமக்கும் நேர்ந்திருந்தது. பழைய ஆண்டையே எழுதியிருந்தோம். நாளும் மாதமும் சரி. ஆண்டு மட்டும் ஒன்று குறைவு. அந்த ஓர் எண்ணால், பையன் மணமாகாதவன் என்று சொல்லி அமெரிக்காவில் நுழைவதற்கு ஏழு மாதம் முன்னரே நம் கோவிலில் தாலி கட்டியவன் ஆனான். மனைவி போகமுடியாதது ஒருபுறமிருக்க, பொய் சொல்லிக் குடியேறினான் என்று அவனுடைய உரிமையே கேள்விக்குள்ளாகும் நிலை. அரசாங்கப் பதிவும் நம் சான்றிதழைப் பார்த்தே எழுதப்பட்டதால் அதிலும் அதே பிழை.

1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது. பிழையைக் கண்டுபிடித்த ஒரு மாதத்திற்குள், மணமக்கள் முன்னிலையில், அவர்கள் இல்லாவிடில் நம்பத்தக்க இரு சாட்சிகள் முன்னிலையில், மூல எழுத்தைத் தொடாமல் ஓரத்தில் திருத்தம் எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிடவேண்டும். அழித்தாலோ மேலெழுதினாலோ பதிவேடே சந்தேகத்திற்கு உள்ளாகும். அவ்வாறே செய்தோம். திருமண அறிக்கைப் புத்தகம், மணமக்கள் தயாரிப்பு வகுப்புச் சான்று, திருமணத்திற்கு எடுத்த மண்டப ரசீது, பையனின் பாஸ்போர்ட்டில் இருந்த விமான நிலைய முத்திரை எல்லாவற்றையும் சேர்த்து, பிழை எம்முடையது என்று ஓர் உறுதிமொழிப் பத்திரமும் எழுதிக்கொடுத்தோம். அரசாங்கப் பதிவு திருந்தி, கோப்பு மறுபடி நகர 11 மாதங்கள் ஆயின. திருமுழுக்கன்று தோளில் தூங்கிய குழந்தை, அவர்கள் விடைபெற வந்த அன்று பீடத்துப் படிகளில் தானே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் நம்மை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. அவள் தாயார் மட்டும், “சாமி, இனிமே வருஷத்தை முதல்ல எழுதிடுங்க” என்றார்.

ஆகவே இப்போது நம் அலுவலகத்தில் சில வழக்கங்கள் வந்திருக்கின்றன. திருமண அறிக்கை வாசிக்க வரும்போதே பாஸ்போர்ட் நகலைக் கேட்கிறோம். திருமுழுக்கில் சவரிமுத்து, பள்ளியில் சேவியர் என்று இருப்பவர்கள் கோபிக்கவேண்டாம். இருவரும் ஒரே புனிதர் என்பது நமக்குத் தெரியும், தூதரகத்திற்குத் தெரியாது. 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் அரசாங்கப் பதிவும் செய்துவிடும்படி திருமணத்தன்றே மணமக்களிடம் சொல்லுகிறோம். வெளிநாட்டுப் பிள்ளைகள் விடுப்பு முடிகிற அவசரத்தில் இதை விட்டுவிட்டுப் போய், பின்னால் அலைகிறார்கள். திருமணம் அட்டை கிடைப்பதற்கு முன்பா, பின்பா என்பதும் முக்கியம். வேலையின் பேரில் குடியேறுகிறவன், போகுமுன்னரே மணமானவனாக இருந்தால் மனைவிக்குத் தனி மனுத் தேவையில்லை. அவன் வரிசையிலேயே அவளும் போகலாம். தாயோ தந்தையோ நிரந்தரவாசியாக இருந்து அழைக்கிற பிள்ளைக்கோ இது நேர்மாறு. இரண்டையும் ஒன்றாக எண்ணி நாள் குறித்துவிட்டு நம்மிடம் வருகிறவர்கள் உண்டு. நாள் குறிக்கு முன்னர் வந்தால் நலம்.

மேலே சொன்ன பதிவின் ஓரத்தில் சிவப்பு மையில் திருத்தமும், இரு சாட்சிகளின் கையெழுத்தும், அவற்றின் கீழே நம் கையொப்பமும் தேதியும் இருக்கின்றன. அந்தத் தேதியில் ஆண்டைச் சற்றுப் பெரிதாகவே எழுதியிருக்கிறோம்.